632-லிருந்து தொடங்கும் நெட்வொர்க் பாடம்

கல்லூரியில் நெட்வொர்க் பாடத்தை முதன்முதலாகத் தொடும் தம்பி தங்கைகள் பலர், நெட்வொர்க்கின் வேலையைப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதில் தொடங்கிவிடுகிறார்கள். தேர்வில் அதற்கு மதிப்பெண் உண்டு. ஆனால் ஆய்வகத்தில் இரண்டு கணினிகள் ஒன்றோடொன்று பேச மறுக்கும்போது அந்தப் பட்டியல் கைகொடுக்காது. ஐபி முகவரியிலிருந்து, அதாவது நெட்வொர்க்கில் ஒரு கணினியை அடையாளம் காட்டும் எண்ணிலிருந்து, தொடங்குங்கள். அது பிடிபட்டால் அடுக்குகள் ஏன் தேவைப்பட்டன என்பதும் மெல்ல விளங்கும்.

முதல் படி: உங்கள் முகவரியைப் பாருங்கள்

விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் கட்டளையைக் கொடுங்கள். லினக்ஸ் என்றால் ஐபி என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு ஏ என்ற எழுத்தைத் தட்டுங்கள். விண்டோஸில் வருவதில் மூன்று வரிகளை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: ஐபிவி4 முகவரி, சப்நெட் மாஸ்க், டிஃபால்ட் கேட்வே. வீட்டு வைஃபையில் பெரும்பாலும் 192.168.1.37, 255.255.255.0, 192.168.1.1 என்பதைப் போல இருக்கும். கையால் எழுதுவது முக்கியம். திரையில் பார்த்த எண் மறந்துவிடும்.

இரண்டாம் படி: மாஸ்க் என்ன சொல்கிறது?

நம் ஊர் பின்கோடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். வேலூர் 632001, காட்பாடி 632007, ஆற்காடு 632503, குடியாத்தம் 632602. எல்லாவற்றிலும் 632 பொது. மீதி மூன்று எண்கள்தான் தபால் நிலையத்தைப் பிரித்துக் காட்டுகின்றன. ஆம்பூருக்கு வாருங்கள், 635802. முதல் மூன்று எண்களைப் பார்த்ததுமே அது வேறு கட்டுக்குப் போக வேண்டிய கடிதம் என்று தெரிந்துவிடும்.

ஐபி முகவரியும் இப்படித்தான் இரண்டு பாகம்: முன்பகுதி நெட்வொர்க், பின்பகுதி அதிலுள்ள கணினி. ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. பின்கோட்டில் பொதுப்பகுதி எப்போதும் மூன்று எண்கள். ஐபியில் எல்லைக்கோடு நகரும். அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று சொல்வதே சப்நெட் மாஸ்க்கின் வேலை. அனுப்ப வேண்டிய முகவரி கோட்டுக்கு இந்தப் பக்கம், நம் நெட்வொர்க்கிலேயே இருந்தால் கணினி நேரடியாக அனுப்பும். வெளியே என்றால் கேட்வேயிடம், அதாவது ரவுட்டரிடம், ஒப்படைத்துவிடும்.

மூன்றாம் படி: கையால் கணக்குப் போடுங்கள்

ஐபிவி4 முகவரி 32 பிட்; ஒரு பிட் என்பது 0 அல்லது 1. எட்டெட்டாக நான்கு துண்டு. 255 என்றால் அந்தத் துண்டின் எட்டு பிட்டும் 1. ஆகவே 255.255.255.0 என்ற மாஸ்க்கில் கடைசி எட்டு பிட் மட்டுமே கணினிகளுக்கு: 256 முகவரிகள். முதலாவது நெட்வொர்க்கின் பெயர்போல, கடைசி அனைவருக்கும் சேர்த்து அனுப்ப; மிஞ்சுவது 254.

இப்போது 192.168.10.0 நெட்வொர்க்கை நான்கு துறைகளுக்குப் பங்கிடுங்கள். நான்கு பங்குக்கு, கணினிகளுக்கான எட்டு பிட்டில் முதல் இரண்டை நெட்வொர்க்குக்குக் கடன் வாங்க வேண்டும்; அவற்றின் மதிப்பு 128-உம் 64-உம் சேர்ந்து 192. மாஸ்க் 255.255.255.192. பங்குகள் 0 முதல் 63, 64 முதல் 127, 128 முதல் 191, 192 முதல் 255. ஒவ்வொன்றிலும் 62 கணினிகள். கால்குலேட்டர் தளங்களைத் தயவுசெய்து தொடாதீர்கள். பத்து கணக்குகளைக் கையால் போட்டவருக்கு வாழ்நாள் முழுக்க மறக்காது.

நான் படித்தபோது ஆய்வகத்தில் ஒரு மதியம் முழுவதும் இதில் போனது. ஒரு கணினி 192.168.10.20, மற்றொன்று 192.168.10.200. கேபிளை மாற்றினோம், கணினிகளை இணைக்கும் பெட்டியான ஸ்விட்சை மாற்றினோம், பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போகவில்லை. முதல் கணினியின் மாஸ்க் 255.255.255.0, இரண்டாவதில் யாரோ 255.255.255.128 என்று அடித்திருந்தார்கள். அந்த மாஸ்க்கின்படி 200 இருக்கும் நெட்வொர்க் 128 முதல் 255 வரை. 20 அதற்கு வெளியூர். முதல் கணினி அனுப்பிய பாக்கெட், அதாவது தரவுத் துண்டு, சரியாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது. பதில் அனுப்பத்தான் இரண்டாவதற்கு வழியில்லை, அதற்குக் கேட்வேயே கொடுக்கவில்லை. போன பாக்கெட்டுக்குத் திரும்பும் வழியும் வேண்டும் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

நான்காம் படி: கோளாறை வரிசையாகத் தேடுங்கள்

இணையம் வரவில்லையா? முதலில் 127.0.0.1-க்கு பிங், உங்கள் கணினிக்குள்ளேயே சோதனை. அடுத்து கேட்வேக்கு. பிறகு இணையத்தில் உள்ள கூகுளின் முகவரியான 8.8.8.8-க்கு. கடைசியாக ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு. எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லையென்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில், அதாவது பெயரை எண்ணாக மாற்றும் இடத்தில். சில கல்லூரி நெட்வொர்க்குகளில் பிங்கையே தடுத்து வைத்திருப்பார்கள். பதில் வராததை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

ஐந்தாம் படி: தவறை நீங்களே செய்து பாருங்கள்

திரையிலேயே நெட்வொர்க் அமைத்துப் பழக உதவும் மென்பொருளான சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் மாணவர்களுக்கு இலவசம். இரண்டு கணினிகள், நடுவில் ஒரு ஸ்விட்ச். நான் சொன்ன அந்தத் தவறான மாஸ்க்கைக் கொடுத்து பிங் அனுப்புங்கள், தோற்கட்டும். மாஸ்க்கைத் திருத்தி மறுபடி அனுப்புங்கள். பிறகு ஒரு ரவுட்டரை நடுவில் வைத்து இரு கணினிகளையும் வெவ்வேறு நெட்வொர்க்கில் போடுங்கள். இருவருக்கும் கேட்வே கொடுக்க மறக்காதீர்கள். அப்போது முதல் பிங்குக்கு மட்டும் பதில் வராமல் போகலாம். பயப்பட வேண்டாம். அந்த நேரத்தில் ரவுட்டர் எதிர்முனைக் கணினியின் 48 பிட் மேக் முகவரியை, அதாவது அதன் நெட்வொர்க் கார்டின் முகவரியை, ஏஆர்பி (ஐபி முகவரிக்கு உரிய மேக் முகவரியைக் கேட்டறியும் முறை) மூலம் விசாரித்துக்கொண்டிருக்கிறது. இரண்டாவது பிங்குக்குப் பதில் வந்துவிடும்.