வஜ்ரேஷ்வரி வெந்நீர் ஊற்றுகளுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பையிலிருந்து ஏறக்குறைய 75 கிலோமீட்டர் தொலைவில், தானே மாவட்டத்தின் பிவண்டி வட்டத்தில், தான்சா ஆற்றை ஒட்டி வஜ்ரேஷ்வரி, அக்லோலி, கணேஷ்புரி என்ற மூன்று ஊர்கள் ஓரிரு கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்திருக்கின்றன. மூன்றிலும் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. வஜ்ரேஷ்வரி அம்மன் தரிசனம், கணேஷ்புரியில் வாழ்ந்து மறைந்த துறவி நித்யானந்தரின் சமாதி, ஊற்றுநீரைத் தேக்கும் தொட்டியான குண்டத்தில் ஒரு குளியல், கட்டுச்சோறு என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துக்கொண்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம் என்பதால், தாராவி, மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள், ஊரிலிருந்து பாட்டியோ பெரியப்பாவோ வந்திருக்கும் நாட்களில் அவர்களை இங்கே அழைத்து வருகின்றன. பயணம் எளிதானது. ஆனால் இந்த நீரின் சூட்டைக் கண்ணால் பார்த்தே மதிப்பிட்டுவிடலாம் என்றும், முன்னால் இறங்கியவர் தாங்கியதைத் தாமும் தாங்கிவிடலாம் என்றும் நம்புவதுதான் அங்கே நேரும் பெரும்பாலான தவறுகளுக்கு வேராக இருக்கிறது.

குழந்தைகள் கேட்கும் முதல் கேள்விக்குச் சொல்லப்படும் பதிலிலேயே ஒரு பிழை தொடங்குகிறது. "கீழே எரிமலை இருக்கிறது, அதனால்தான் தண்ணீர் சுடுகிறது" என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். மும்பையும் அதைச் சூழ்ந்த மலைகளும் எரிமலைக் குழம்பு உறைந்து உருவான கரும்பாறையால் ஆனவை என்பது உண்மைதான். ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் அடுத்தடுத்துப் பொங்கி வழிந்த அந்தக் குழம்பு இன்றும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை மூடியிருக்கிறது. எனினும் அந்தக் குழம்பின் சூடு எப்போதோ ஆறிவிட்டது. இந்திய மண்ணில் இன்றும் சீறுகிற எரிமலை அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவில் இருக்கிறதே தவிர, தானே மாவட்டத்தில் இல்லை. இங்கே நடப்பது வேறு. மலைகளில் பெய்யும் மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் வெப்பம் சராசரியாக 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை உயர்வதால், அங்கே சூடேறிய நீர் வேறொரு பிளவின் வழியாக மேலெழுந்து வெளியே வருகிறது. பால்கர் மாவட்டத்திலிருந்து தெற்கே ரத்னகிரி மாவட்டத்தின் ராஜாபூர் வரை கொங்கண் கரையை ஒட்டி இத்தகைய ஊற்றுகள் வரிசையாக அமைந்திருப்பதற்கும் இந்த நீண்ட பிளவுகளே காரணம்.

இந்த விளக்கம் குழந்தைகளின் அறிவுக்காக மட்டும் சொல்லப்படுவதன்று. குளிக்கப் போகிறவருக்கும் இதில் நேரடியான பயன் இருக்கிறது. ஆழத்திலிருந்து வரும் சுடுநீர் மேலே வரும் வழியில் நிலத்தடிக் குளிர்நீரோடு எவ்வளவு கலக்கிறது என்பதைப் பொறுத்தே ஒவ்வொரு குண்டத்தின் சூடும் அமைகிறது. ஆகவே பத்தடி தள்ளியிருக்கும் அடுத்த குண்டத்தின் நீர் முதல் குண்டத்தின் நீரைப் போலவே இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. சில குண்டங்கள் இதமாக இருக்க, சில இடங்களில் வெப்பம் 50 டிகிரியையும் தாண்டுகிறது. சூரிய குண்டம், சந்திர குண்டம், அக்னி குண்டம் என்று பெயர்கள் இருக்கின்றன. சந்திரன் பெயரைத் தாங்கியிருப்பதால் நீர் குளிர்ச்சியாக இருக்கும் என்று எண்ணி ஒருவரும் காலை வைத்துவிடக் கூடாது.

ஆவியையும் குமிழியையும் அடையாளமாகக் கொள்வது அடுத்த தவறு. டிசம்பர் மாத விடியலில் குண்டத்தின் மேல் புகை போல ஆவி படர்ந்து நிற்கும். அதே குண்டம் ஏப்ரல் மாத நண்பகலில் சாதாரணத் தொட்டியைப் போலத் தெளிவாகத் தெரியும். மாறியது காற்றின் குளிர்ச்சியே தவிர நீரின் சூடு அன்று. குளிர்ந்த காற்றில் ஆவி நுண்துளிகளாகிக் கண்ணுக்குத் தெரிகிறது, வெப்பமான காற்றில் தெரியாமல் கலந்துவிடுகிறது, அவ்வளவுதான். எனவே ஆவி இல்லாத குண்டத்தை நம்பி இறங்குகிறவர் கோடையில்தான் அதிகம் ஏமாறுவார். குமிழிகளின் கதை இதற்கு நேர்மாறானது. அடியிலிருந்து எழும் குமிழிகள் பெரும்பாலும் நீரோடு சேர்ந்து வெளிவரும் வாயுக்களே. அவை நீர் கொதிப்பதற்கு அடையாளம் அல்ல. ஆனால் குமிழி எழும் இடம் ஊற்றுக்கண்ணாக இருக்கக்கூடும் என்பதால் அதன் மேல் போய் நிற்காமல் இருப்பது நல்லது. ஒரே குண்டத்திற்குள்ளும் ஊற்றுக்கண்ணை ஒட்டிய மூலை மற்ற மூலைகளைவிடச் சூடாக இருக்கும்.

சரியான வழி மிக எளிமையானது. ஒரு சிறு குவளையில் நீரை மொண்டு முழங்கையின் உட்புறத்தில் ஊற்றிப் பார்க்க வேண்டும். உள்ளங்கையின் தோல் தடித்திருப்பதால், குறிப்பாகத் தினமும் அடுப்படியில் வேலை செய்பவர்களின் கை, சூட்டைக் குறைத்தே சொல்லும். சமையலறையில் பயன்படும் சிறு வெப்பமானி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. 40 டிகிரிக்கு மேற்பட்ட நீரில் நெடுநேரம் அமிழ்ந்திருப்பது நலமாக உள்ளவர்களுக்கே உகந்ததன்று. 55 டிகிரியை நெருங்கும் நீர் அரை நிமிடத்துக்குள் தோலை ஆழமாகப் புண்ணாக்கிவிடும். 60 டிகிரி என்றால் சில நொடிகளே போதும். இவை வளர்ந்தவர்களுக்கான கணக்குகள். குழந்தைகளின் தோல் மெல்லியது என்பதால் அவர்களுக்கு இதைவிடக் குறைந்த நேரத்திலேயே தீங்கு நேரும். அப்பா முதலில் இறங்கிப் பார்த்து, "சூடு ஒன்றும் இல்லை, வா" என்று மகளை இழுத்து இறக்குவது பாசத்தோடு செய்யும் காரியம்தான் என்றாலும், அவருடைய தோல் சொல்லும் சேதி மகளின் தோலுக்குப் பொருந்தாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் குண்டத்தில் இறக்காமல், ஆறிய நீரைக் குவளையால் மொண்டு ஊற்றிக் குளிப்பாட்டினால் அவர்களுக்கும் அதே மகிழ்ச்சிதான்.

பெரியவர்கள் விஷயத்தில் நாம் செய்யும் தவறு இதைவிடக் கவலை தருவது. மூட்டு வலிக்கு நல்லது என்று சொல்லி, நீரிழிவு உள்ள பாட்டியைத்தான் முதலில் குண்டத்தின் படியில் உட்கார வைக்கிறோம். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதங்களின் நரம்புகள் உணர்விழந்திருக்கலாம். சுடுகிறது என்ற செய்தியே அவர்களுக்குப் போய்ச் சேராது. "இதமாக இருக்கிறது" என்று பாட்டி சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாதம் வெந்துகொண்டிருக்கும். கொப்புளம் தெரியவருவது மாலையில் செருப்பைக் கழற்றும்போதுதான். அந்தப் புண் ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும், சில சமயம் விரலையே இழக்கவும் நேரும். பாட்டியின் காலுக்கான சூட்டை வேறொருவருடைய முழங்கைதான் முடிவு செய்ய வேண்டும், அதுவும் சில நிமிடங்களுக்கு மட்டும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வேறொரு ஆபத்து உண்டு. சுடுநீரில் இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கியிருக்கும்போது சட்டென்று எழுந்தால் தலை சுற்றி, வழுக்கும் கல்லின் மேலேயே விழுவார்கள். எழுவதற்கு முன் படியில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்து, ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். கருவுற்ற பெண்கள், குறிப்பாக முதல் மூன்று மாதங்களில், இந்த நீரில் அமிழ்வதை அறவே தவிர்க்க வேண்டும். உடலின் உள்வெப்பம் உயர்வது கருவுக்கு ஏற்றதன்று. இதய நோய் உள்ளவர்கள் தம் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும்.

குற்றாலத்துப் பழக்கத்தை இங்கே கொண்டுவருவதும் ஒரு தவறு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்குத் தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு நீரில் இறங்குவது இயல்பாகவே வரும். அருவியில் எண்ணெய் அடித்துக்கொண்டு போய்விடும். சிறு தொட்டியாகக் கட்டப்பட்ட குண்டத்தில் அது நீரின் மேலேயே மிதந்து, ஏற்கெனவே பாசி பிடித்த படிகளை மேலும் வழுக்கச் செய்கிறது. சோப்பும் ஷாம்பூவும் அப்படித்தான். தலையை நீருக்குள் அமிழ்த்தி முக்குளிப்பதும், மூக்கில் நீர் ஏறும்படி விளையாடுவதும் கூடாது. வெதுவெதுப்பான நன்னீரில் வாழக்கூடிய நெக்லேரியா ஃபௌலேரி என்ற அமீபா மூக்கின் வழியாக மூளைக்குச் சென்று உயிருக்கே உலை வைக்கும் காய்ச்சலை உண்டாக்குகிறது. 46 டிகிரி வரை அது வளரும். கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் மூளையைத் தாக்கும் அமீபா நோய்களைப் பற்றிய செய்திகளைப் படித்தவர்களுக்கு இதை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தொற்று மிக அரிதானது. ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். கழுத்துவரை மட்டும் நனைத்துக்கொண்டால் இந்த அச்சத்துக்குப் பெரும்பாலும் இடமில்லை. அந்த நீரைப் பிரசாதம் போல வாயில் ஊற்றிக் குடிப்பதையும் நிறுத்த வேண்டும். ஆழத்திலிருந்து வரும் நீரில் கரைந்திருக்கும் உப்புகள் குடிநீருக்கு உரிய அளவில் இருப்பதில்லை.

முட்டை அழுகியது போன்ற மணம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயுவினுடையது. வெள்ளிக் கொலுசோடு இறங்கிய சிறுமியின் கொலுசு கறுத்துப்போவதும் இதனால்தான். வெள்ளியின் மேல் சல்ஃபைடு படலம் படிந்துவிடுகிறது. கொலுசையும் மெட்டியையும் கழற்றிப் பையில் போட்டுவிட்டு இறங்கலாம். கந்தகம் கலந்த நீர் தோல் நோய்களை எல்லாம் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கையில் மருத்துவர் கொடுத்த களிம்பை நிறுத்துவதும், ஆறாத புண்ணோடு பலர் குளிக்கும் நீரில் இறங்குவதும் வருபவருக்கும் மற்றவருக்கும் செய்யும் தீங்கு.

எந்த மாதத்தில் போகிறோம் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. மழைக்காலத்தில் மலைகள் பச்சையாக இருக்கும் என்ற ஆசையில் ஜூலையிலும் ஆகஸ்டிலும் புறப்படுகிறார்கள். மும்பைக்குக் குடிநீர் தரும் தான்சா அணை இதே ஆற்றின் மேற்பகுதியில் இருக்கிறது. அது நிரம்பி வழியும் நாட்களில் ஆறு மளமளவென்று ஏறும், ஆற்றங்கரையை ஒட்டிய குண்டங்களை வெள்ளம் சூழ்ந்துகொள்ளும். நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களே உகந்தவை. அவற்றிலும் வார நாள் ஒன்றில் விடுப்பு எடுத்துப் போவது ஞாயிற்றுக்கிழமை போவதைவிட நல்லது. கூட்டம் அதிகமாகும்போது நீரைச் சோதித்துப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை.

ஒரு நாளின் வேலைகளை வரிசைப்படுத்துவதிலும் ஒரு பிழை நேர்கிறது. குளித்துவிட்டுத்தான் அம்மனைப் பார்க்க வேண்டும் என்று முதலில் குண்டத்துக்குப் போகிறார்கள். வசாய்க் கோட்டையைப் போர்த்துகீசியரிடமிருந்து 1739-இல் கைப்பற்றிய மராட்டியத் தளபதி சிமாஜி அப்பா தம் வேண்டுதலை நிறைவேற்றக் கட்டிய இந்தக் கோயில், கோட்டையைப் போன்ற முகப்போடு உயரத்தில் நிற்கிறது. 52 படிகள் ஏற வேண்டும். சுடுநீரில் ஊறித் தளர்ந்த உடலோடு பெரியவர்கள் அந்தப் படிகளை ஏறுவது மயக்கத்துக்கு வழிவகுக்கும். வீட்டிலேயே குளித்துவிட்டுப் புறப்பட்டு, காலையில் தரிசனத்தை முடித்து, பிறகு குண்டத்துக்கு வந்து, அதன் பின் புளியோதரையையும் தயிர்சாதத்தையும் பிரிப்பதே நல்ல வரிசை. வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் சுடுநீரில் அமர வேண்டாம். குடிநீர் ஆளுக்கு ஒரு பாட்டிலாவது கையில் இருக்கட்டும். நீருக்குள் இருக்கும்போது வியர்ப்பது தெரிவதில்லை.

போகும் வழியில் ஜன்னலுக்கு வெளியே பார்க்காமல் இருப்பதையும் நான் தவறு என்றே சொல்வேன். சாலைக்காக மலையை வெட்டிய இடங்களில் கரும்பாறையின் உட்புறம் தெரியும். சில அடுக்குகளில் இட்லியைப் பிட்டால் தெரிவது போன்ற சிறு துளைகள் இருக்கும். குழம்பு உறையும்போது வெளியேற முயன்ற வாயுக்கள் விட்டுச்சென்ற இடங்கள் அவை. பிற்காலத்தில் அந்தத் துளைகளுக்குள் கசிந்த நீர் வெள்ளைப் படிகங்களை வளர்த்திருக்கும். குழந்தையை அருகே அழைத்து, விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். பாதுகாப்பாக வண்டியை நிறுத்த இடம் இருந்தால் மட்டும். மும்பைக்குள்ளேயே இதன் தொடர்ச்சியைக் காண விரும்பினால் அந்தேரி மேற்கில் கில்பர்ட் ஹில் இருக்கிறது. குழம்பு குளிர்ந்து சுருங்கும்போது நெடுந்தூண்களாகப் பிளந்த அந்தப் பாறை ஏறக்குறைய 60 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் யாருக்கேனும் சுட்டுவிட்டால், அந்த இடத்தில் பற்பசை, மஞ்சள், எண்ணெய், ஐஸ் எதையும் வைக்கக் கூடாது. ஓடும் குழாய்நீரில் இருபது நிமிடம் காட்டி, கொலுசு, வளையல் முதலியவற்றை வீக்கம் வருவதற்குள் கழற்றி, சுத்தமான துணியால் தளர்வாக மூட வேண்டும். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். குழந்தைக்கோ நீரிழிவு உள்ளவருக்கோ சுட்டிருந்தால், சிறிய காயம் என்று வீடு திரும்பும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். தேவைப்பட்டால் 108-ஐ அழைக்கலாம்.

சொந்தக் காரில் போகிறவர்கள் இன்னொன்றையும் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. சுடுநீரில் ஊறியபின் உடல் சோர்ந்து உறக்கம் அழுத்தும். திரும்பும் வழியோ சிர்சாட் சந்திப்பில் அகமதாபாத் நெடுஞ்சாலையோடு சேர்ந்து, லாரிகளுக்கு நடுவே மாலை நெரிசலில் ஊர்ந்து வரவேண்டிய வழி. வண்டி ஓட்டுகிறவர் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும். இல்லையேல் விரார் அல்லது வசாய் வரை ரயிலில் போய், அங்கிருந்து எஸ்டி எனப்படும் மாநில அரசு பஸ்ஸில் போய் வந்தால் குடும்பத்தில் எல்லோரும் குளிக்கலாம்.