ஒன்பது வகை வேண்டாம்: நண்பர்களுக்குக் குறைந்த செலவில் பண்டிகை விருந்து

பண்டிகை விடுமுறை நெருங்கினால் யாராவது ஒரு நண்பன் கைப்பேசியை என் முன்னால் நீட்டி, "இந்த லிஸ்ட் போதுமாடா, பாரு" என்பான். போன வாரமும் அதுதான் நடந்தது. 15 பேர் வருகிறார்கள், கையில் பணம் குறைவு, முதல் தடவையாக எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிடுகிறான். லிஸ்டில் ஒன்பது வகை இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே '15 பேருக்கு' என்று எழுதியிருந்தான். பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல வருடங்களுக்கு முன் நான் எழுதிய லிஸ்டும் அச்சு அசலாக இப்படித்தான் இருந்தது.

உப்பு வாங்க மறப்பது, கேஸ் பாதியில் தீர்வது, தட்டு பத்தாமல் போவது இதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. ஒரு தடவை பட்டால் அடுத்த தடவை எச்சரிக்கையாகிவிடுவோம். பட்ட பிறகும் எங்கே பட்டோம் என்று தெரியாத தவறுகள் சில இருக்கின்றன. பணம் அங்கேதான் கரைகிறது.

ஒவ்வொரு வகையையும் எல்லோருக்குமாகச் சமைப்பது

என் முதல் விருந்துக்கு 18 பேர் வந்தார்கள். நான் செய்தது ஏழு வகை. ஒவ்வொன்றையும் 18 பேருக்குக் கணக்குப் போட்டேன். எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள், மனதாரப் பாராட்டினார்கள். மறுநாள் காலையில் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தேன். உருளைக்கிழங்கு முக்கால் பாத்திரம் அப்படியே இருந்தது. மேலே காய்ந்து ஆடை கட்டியிருந்தது, குத்தி வைத்த கரண்டி நிமிர்ந்தபடியே நின்றது. சோறு பாதி மிச்சம். இரண்டு வகையில் கரண்டியே படவில்லை. பகல் முழுக்க என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்துவிட்டு சாயங்காலம் கொட்டினேன். மாதக் கடைசியில், அன்று என் வீட்டில் சாப்பிட்ட ஒருவனிடமே கைமாற்று வாங்க வேண்டியிருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

தவறு எங்கே என்று புரிய எனக்கு மூன்று விருந்துகள் ஆயின. ஒருவருடைய வயிறு ஒன்றுதான். நன்றாகச் சாப்பிடுகிற ஒருவர் ஒரு வேளையில், இனிப்பையும் சேர்த்து, ஏறக்குறைய 600 கிராம் சாப்பிடுவார். வகை கூடினால் நாலு வாய் கூடப் போகும், அது உண்மை. ஆனால் இரண்டு மடங்கு போகாது. நண்பனின் லிஸ்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வகை, ஒவ்வொன்றிலும் ஆளுக்கு 150 கிராம், 15 பேர் என்றால் மொத்தம் 20 கிலோவுக்கு மேல். அவர்கள் சாப்பிடப் போவதோ 9 கிலோ. அடுப்பைப் பற்ற வைக்கும் முன்பே 11 கிலோ வீணாவது முடிவாகிவிட்டது.

இதில் எடை மட்டும் நஷ்டம் இல்லை. வகை ஒன்று கூடினால் அதற்கென்று தனியாக எண்ணெய், தனியாக ஒரு மசாலா, பாதிக்கட்டு வாடிப்போகும் ஒரு கீரை அல்லது தழை, ஒரு பாத்திரம், ஒரு மணி நேர அடுப்பு எல்லாம் வரிசையாக வந்து சேரும். மளிகைப் பில்லில் இவை சின்னச் சின்ன வரிகளாக இருப்பதால் கண்ணில் படாது. கடைசியில் கூட்டிப் பார்த்தால் அரிசிக்கும் பருப்புக்கும் ஆனதைவிட இதற்கு அதிகம் ஆகியிருக்கும்.

அதனால் நான் இப்போது தலைகீழாகத் தொடங்குகிறேன். முதலில் ஆளுக்கு 600 கிராம் என்று வைத்துக்கொண்டு, அதைப் பங்கு பிரிப்பேன். சோறு 250, குழம்பு 150, காய் 100, பச்சையாகவோ தயிரிலோ ஏதாவது ஒன்று 40, இனிப்பு 60. இன்னொரு காய் வேண்டுமா? அந்த 100-ஐ இரண்டு 50 ஆக்க வேண்டும். புதிதாக 100 சேர்க்கக் கூடாது. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும், லிஸ்ட் தானாகச் சுருங்கிவிடும். ஆளுக்கு 50 கிராம் வீதம் இரண்டு காய் செய்வதைவிட ஒன்றை நன்றாகச் செய்யலாமே என்று உங்களுக்கே தோன்றும்.

நண்பனுக்கு இப்படித்தான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அரிசி வெந்தால் எடை ஏறக்குறைய மூன்று மடங்காகும். எனவே ஆளுக்கு 85 கிராம் அரிசி, 15 பேருக்கு ஒன்றேகால் கிலோ சொச்சம். குழம்புக்குக் கொண்டைக்கடலை. காய்ந்த கடலை ஊறி வெந்தால் இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும், அதனால் 600 கிராம் போதும். முந்தின இரவே, 8 மணி நேரமாவது ஊற வேண்டும். உருளைக்கிழங்கு, தோல் போவதையும் சேர்த்து, 2 கிலோ. அவன் வாங்க நினைத்திருந்ததோ அரிசி மட்டும் மூன்று கிலோ.

"பத்தாம போயிட்டா?" என்று கேட்டான். எல்லோருக்கும் வருகிற பயம்தான், எனக்கும் இருந்தது. அந்தப் பயத்தில்தான் ஒவ்வொரு பாத்திரத்திலும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஒரு கைப்பிடி கூடப் போடுகிறோம். ஒன்பது பாத்திரத்தில் ஒன்பது கைப்பிடி. கூடுதல் கையிருப்பு கட்டாயம் வேண்டும், ஆனால் அது சமைக்காமல் இருக்க வேண்டும். அரைக் கிலோ அரிசியைக் கழுவாமல் ஓரமாக வையுங்கள், ஒரு டஜன் முட்டையோ கொஞ்சம் ரொட்டியோ பக்கத்தில் இருக்கட்டும். திடீரென்று நாலு பேர் கூட வந்தால் அரை மணி நேரத்தில் சமாளித்துவிடலாம். வராவிட்டால் அடுத்த வார மளிகையில் அது கழிந்துவிடும்.

"ஆளுக்கு ஏதாவது கொண்டு வாங்க"

செலவைப் பகிர்வது நல்ல யோசனை. 'ஏதாவது' என்ற சொல்தான் அதைக் கெடுக்கிறது. ஒரு தடவை இப்படிச் சொல்லி வைத்து, ஐந்து பேரில் நான்கு பேர் இனிப்போடு வந்து நின்றார்கள். யாரையும் குறை சொல்ல முடியவில்லை, வாங்கி வர எளிதானது இனிப்புதானே.

பண்டத்தின் பெயரையும் எடையையும் சொல்லுங்கள். '15 பேருக்குக் காய்' என்று சொன்னால் மேலே சொன்ன அதே கூத்து நடக்கும். 'ஒன்றரை கிலோ' என்று சொல்லுங்கள். எப்போதும் தாமதமாக வருகிறவருக்குப் பழமோ இனிப்போ ஒதுக்குங்கள், குழம்பை ஒதுக்காதீர்கள். வந்ததும் சூடாக்க வேண்டிய பண்டம் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது, உங்கள் அடுப்பில் இடம் இருக்காது. அப்புறம், நண்பர்களில் யாருக்காவது இப்போது கை கடிக்கிறது என்று தெரிந்தால், மற்றவர்கள் முன்னால் பங்கு கேட்காதீர்கள். சீக்கிரம் வந்து வெங்காயம் உரித்துத் தரச் சொல்லுங்கள். அந்த உதவி உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படும்.

நாலு மடங்கு ஆட்களுக்கு நாலு மடங்கு தண்ணீர்

நாலு பேருக்குச் செய்து பழகிய குழம்பை 16 பேருக்குச் செய்யும்போது எல்லாவற்றையும் நாலால் பெருக்குகிறோம். கடலையைப் பெருக்கலாம், தண்ணீரைப் பெருக்கக் கூடாது. பாத்திரத்தின் கொள்ளளவு கூடுகிற வேகத்தில் அதன் வாய் அகலம் கூடுவதில்லை, அதனால் ஆவியாகும் தண்ணீரின் பங்கு குறைந்துவிடும். குழம்பு நீர்த்துக் கிடக்கும். அதைக் கெட்டியாக்க இன்னும் கொஞ்சம் கடலை, இன்னும் இரண்டு கிழங்கு என்று போட்டுக்கொண்டே போவோம், செலவும் அதோடு ஏறும். மூன்று மடங்கு தண்ணீரில் தொடங்கி, தேவைப்பட்டால் கொதிக்கிற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். உப்பையும் மிளகாயையும் முதலில் குறைத்தே போட்டு, கடைசியில் ருசி பார்த்துச் சேருங்கள்.

நேரமும் அப்படித்தான். அடுப்பு அதேதான், அளவு நாலு மடங்கு என்றால் கொதி வரவும் ஏறக்குறைய நாலு மடங்கு நேரம் ஆகும். எட்டு மணிக்குச் சாப்பாடு என்று சொல்லிவிட்டு ஏழு மணிக்கு உலை வைப்பவர்கள்தான் பசியோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துப் பதறி, வெளியே ஆர்டர் போடுகிறார்கள்.

இறைச்சியைப் பெரிய துண்டுகளாக வைப்பது

முதலில் வருகிற ஐந்து பேர் இரண்டிரண்டாக எடுப்பார்கள், கடைசியில் வருகிறவருக்கு எலும்பும் சாறும்தான். இறைச்சி வேகும்போது ஏறக்குறைய கால் பங்கு எடை குறைந்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். எலும்பில்லாமல் சின்னத் துண்டுகளாக நறுக்கி, கடலையோடோ கிழங்கோடோ சேர்த்துச் சமைத்தால் பாதி எடை போதும். கரண்டி போடும்போதெல்லாம் எல்லோருக்கும் இரண்டு துண்டாவது வரும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று பெரிய மூட்டை வாங்குவது

இரண்டு மாதத்தில் தீர்க்க முடியாததை வாங்காதீர்கள்.

புதுச் சமையலை அன்றைக்கு முயல்வது

வேண்டாம்.

மிச்சத்தை அப்படியே மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போவது

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும். அரட்டை முடியவே நள்ளிரவாகும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுவோம். சோற்றை அப்படி விடாதீர்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. வெந்த சோறு அறை வெப்பத்தில் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். காலையில் மறுபடி சூடாக்கினால் பாக்டீரியா சாகலாம், வாந்தியைக் கொண்டுவரும் அந்த நஞ்சு போகாது. மணத்திலோ நிறத்திலோ எதுவும் தெரியாமலும் போகலாம்.

சமைத்த எதையும் வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வெயில் கொளுத்தும் நாளில் 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது. பெரிய பாத்திரத்தோடு ஃபிரிட்ஜில் தூக்கி வைத்தாலும் நடுப்பகுதி ஆற வெகுநேரம் ஆகும். அகலமான தட்டில் மெல்லிசாகப் பரப்பி, சூடு தணிந்ததும் சின்ன டப்பாக்களில் போட்டு உள்ளே வையுங்கள்.

நான் இப்போதெல்லாம் கூப்பிடும்போதே ஆளுக்கு ஒரு காலி டப்பா எடுத்து வரச் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டு முடித்ததும், பேச்சு சூடு பிடிப்பதற்கு முன்னாலேயே, மிச்சத்தைப் பிரித்து டப்பாக்களில் போட்டு ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுகிறேன். கிளம்பும்போது அவரவர் டப்பாவை எடுத்துக்கொள்கிறார்கள்.