வாசிக்கத் திணறும் குழந்தை: டிஸ்லெக்சியாவைப் புரிந்துகொண்டு உதவுவது எப்படி?

வாய்மொழியாகக் கேட்டால் பாடம் முழுவதையும் சொல்லிவிடுகிற குழந்தை, அதே பாடத்தைப் புத்தகத்தைப் பார்த்துப் படிக்கச் சொன்னால் முதல் வரியிலேயே திணறி நிற்கிறது. ‘பட்டம்’ என்பதைப் ‘பாட்டு’ என்கிறது. மேல் வரியில் சரியாகப் படித்த சொல்லைக் கீழ் வரியில் முன்பின் அறியாத சொல்லைப் போலப் பார்க்கிறது. முதலெழுத்தை வைத்து மீதியை ஊகித்துச் சொல்லிவிட்டு, சரிதானா என்று நம் முகத்தைப் பார்க்கிறது. கவனமில்லை, சோம்பேறி என்று வீட்டிலும் வகுப்பிலும் பெயர் வாங்கிவிடுகிற இத்தகைய குழந்தைகளில் பலருக்கு இருப்பது டிஸ்லெக்சியா என்னும் கற்றல் குறைபாடு.

இந்தச் சொல்லை 1887இல் உருவாக்கியவர் ருடால்ஃப் பெர்லின் என்னும் ஜெர்மானியக் கண் மருத்துவர். 1896இல் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கிலேய மருத்துவர், வாசிக்கவே கற்றுக்கொள்ள முடியாத 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்கார மாணவன் அவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் கூறியதையும் அதில் பதிவுசெய்திருந்தார். அக்காலத்தில் இதைச் ‘சொற்குருடு’ என்று அழைத்தார்கள். அந்தப் பெயரின் நிழல் இன்றும் நீங்கவில்லை என்பதால்தான், எழுத்துகள் தலைகீழாகத் தெரிவதே இந்தக் குறைபாடு என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் கண் சரியாகவே பார்க்கிறது. பேச்சைத் தனித்தனி ஒலிகளாகப் பிரித்து உணர்வதிலும், அந்த ஒலிகளை எழுத்துகளோடு விரைவாக இணைப்பதிலும்தான் பெரும்பாலும் சிக்கல் இருக்கிறது. அறிவுத்திறனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. எழுத்தை இடவலமாக மாற்றி எழுதுவது, எழுதக் கற்கும் தொடக்கத்தில் பல குழந்தைகளும் செய்வதுதான். எனவே வண்ணக் கண்ணாடிகளுக்கும் கண் பயிற்சிகளுக்கும் பணம் செலவழிப்பது, என் பார்வையில், வீண்.

தமிழில் இந்தச் சிக்கல் எப்படி வெளிப்படுகிறது என்பதை ‘கொடி’ என்னும் ஒரே சொல்லில் பார்த்துவிடலாம். காதில் முதலில் விழுவது ‘க்’, பிறகு ‘ஒ’. தாளிலோ ஒற்றைக்கொம்பு முதலில் நிற்கிறது, ககரம் நடுவில் வருகிறது, கால் கடைசியில் வருகிறது. கொம்பு இரட்டையானால் அது ‘கோடி’, கால் விடுபட்டால் ‘கெடி’. நாம் யோசிக்காமலே கடந்துபோகிற இந்த முன்பின் மாற்றத்தை, டிஸ்லெக்சியா உள்ள குழந்தை ஒவ்வொரு முறையும் புதிதாக அவிழ்க்க வேண்டியிருக்கிறது. ‘கல்’, ‘தங்கம்’, ‘அகலம்’ ஆகியவற்றில் ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிப்பதையும், ல, ள, ழ வேறுபாட்டையும் சேர்த்துக்கொண்டால், ஒரு பத்தி படித்து முடிப்பதற்குள் அது ஏன் களைத்துப்போகிறது என்பது விளங்கும். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு இன்னும் சீரற்றதாக இருக்கும் ஆங்கிலத்தில் திணறல் மேலும் கூடுவதில் வியப்பில்லை.

ஐயம் எழுந்தால் முதலில் பார்வையையும் கேட்கும் திறனையும் பரிசோதித்துவிட வேண்டும். அவை சரியாக இருந்தால், கற்றல் குறைபாடுகளை மதிப்பிடும் பயிற்சி பெற்ற உளவியலாளரையோ சிறப்புக் கல்வியாளரையோ அணுகலாம். பேச்சுத் தாமதமாக வந்தது, எதுகைச் சொற்களைப் பிடித்துக்கொள்ளத் தடுமாறியது, நிறங்களின் பெயர்கள் சட்டென நாவில் வராமல் போனது போன்ற பழைய செய்திகளை நினைவுபடுத்திக் கூறுவது மதிப்பீட்டுக்கு உதவும். டிஸ்லெக்சியா பெரும்பாலும் குடும்பவழியாக வருவது. ஆகவே ‘நானும் சின்ன வயதில் இப்படித்தான்’ என்று தந்தையோ தாயோ சொல்வதை ஆறுதலாக மட்டும் கேட்டு விட்டுவிடாமல், மதிப்பீட்டாளரிடம் தெரிவிக்க வேண்டிய தகவலாகக் கொள்ள வேண்டும். வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருப்பதுதான் பெற்றோர் செய்யும் தவறுகளிலேயே அதிக விலை கொடுக்க வேண்டியது.

வீட்டில் செய்யும் பயிற்சி நாள்தோறும் 15 அல்லது 20 நிமிடங்களைத் தாண்ட வேண்டியதில்லை. தாளைத் தொடாமல், காதிலிருந்து தொடங்குங்கள். ‘படம்’ என்று சொல்லி, அதில் ‘ப’வை எடுத்துவிட்டு ‘இ’யை வைத்தால் என்ன வரும் என்று கேளுங்கள். ‘இடம்’ என்று விடை வந்ததும் ‘த’வை வையுங்கள், ‘வ’வை வையுங்கள், ‘கு’வை வையுங்கள். தடம், வடம், குடம் என்று விளையாட்டாகவே நீளும் இந்தப் பயிற்சியில், ஒரு சொல் என்பது கழற்றி மாட்டக்கூடிய ஒலிகளால் ஆனது என்பது குழந்தைக்குப் புலப்படத் தொடங்கும். அது பழகிய பிறகு ‘மீ’ என்பதை ‘ம்’, ‘ஈ’ என்று பிரிக்கவும் சேர்க்கவும் கற்பியுங்கள். இந்தக் கட்டத்தில் அவசரம் கூடாது.

அடுத்ததுதான் எழுத்து. தமிழின் 247 எழுத்துகளையும் 247 படங்களைப் போல மனப்பாடம் செய்ய வைப்பது இந்தக் குழந்தையைத் தோற்கடிக்கும் வழி. 12 உயிர், 18 மெய், அவை சேரும்போது வரும் குறிகள் என்று அமைப்பைக் காட்டினால் சுமை பெருமளவு குறைகிறது. உகர, ஊகார வரிசைகளில் மட்டும் மெய்க்கு மெய் வடிவம் மாறுவதால், அவற்றைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். தட்டில் பரப்பிய மணலில் விரலால் எழுதிக்கொண்டே அந்த ஒலியை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். கண், காது, நாக்கு, கை ஆகிய நான்கையும் ஒன்றாக ஈடுபடுத்தும் இவ்வகைக் கற்பித்தலை 1930களில் சாமுவேல் ஆர்ட்டன் என்னும் மருத்துவரும் அன்னா கில்லிங்ஹம் என்னும் ஆசிரியையும் ஒரு முறையாக வகுத்தார்கள். ஒன்று நன்றாகப் பதிந்த பிறகே அடுத்ததற்குப் போவது, பழையதற்கு அடிக்கடி திரும்பிவருவது, எதையும் தானாகப் புரிந்துகொள்ளும் என்று விட்டுவிடாமல் வெளிப்படையாகச் சொல்லிக்கொடுப்பது ஆகியவை அதன் அடிப்படைகள்.

படிக்கும்போது குழந்தை தவறினால் உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். ஓர் அட்டைத் துண்டால் சொல்லை மூடி, ஒவ்வோர் எழுத்தாகத் திறந்து காட்டினால் ஊகிக்கும் பழக்கம் மெல்லக் குறையும். ‘நேற்றுதானே சொல்லிக்கொடுத்தேன்’ என்னும் வாக்கியத்தை மட்டும் வீட்டிலிருந்தே விலக்கிவிட வேண்டும். நேற்று கற்றது இன்று நழுவுவது இந்தக் குறைபாட்டின் இயல்பு. பிழையான சொல்லை 50 முறை எழுதச் சொல்வதாலும் பயனில்லை. ஒலியோடு தொடர்பில்லாமல் கை மட்டும் நகரும், சில சமயம் பத்தாவது வரியிலிருந்து பிழையே நகலாகிக்கொண்டு போகும்.

வாசிப்பு மெதுவாக இருப்பதால் அறிவும் மெதுவாக வளர வேண்டும் என்பதில்லை. குழந்தையின் வயதுக்கும் ஆர்வத்துக்கும் ஏற்ற நூல்களை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், ஒலிநூல்களைக் கேட்கச் செய்யுங்கள். இதைக் குறுக்குவழி என்று சில ஆசிரியர்கள் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் சொல்வளமும் பொது அறிவும் கேட்பதன் வழியாகவும் வளர்வதால், தயங்க வேண்டியதில்லை.

பள்ளிக்கு மதிப்பீட்டு அறிக்கையோடு செல்லுங்கள், கேட்பதைத் தெளிவாகக் கேளுங்கள்: தேர்வில் கூடுதல் நேரம், கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதிலாக அச்சிட்ட குறிப்புகள், எழுத்துப்பிழைக்குத் தனியாகவும் கருத்துக்குத் தனியாகவும் மதிப்பெண், இயன்ற இடங்களில் வாய்மொழித் தேர்வு. முன்னறிவிப்பின்றி வகுப்பின் முன்னால் எழுந்து நின்று படிக்கச் சொல்ல வேண்டாம் என்பதை எல்லாவற்றுக்கும் முதலில் கேட்டுப் பெறுங்கள்.

‘நான் முட்டாளா?’ என்று குழந்தை ஒருநாள் கேட்கும். கேட்கும்வரை காத்திராமல், உன் மூளை எழுத்துகளை வேறு வழியில் கற்கிறது, இதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர், இதற்கென்று பயிற்சி இருக்கிறது என்று எளிய சொற்களில் கூறிவிடுவது நல்லது. வெறும் ‘சபாஷ்’ அதன் காதில் ஏறாது. ‘நீளமான அந்தச் சொல்லை ஊகிக்காமல் பிரித்துப் படித்தாயே’ என்பது ஏறும். மாதம் ஒருமுறை அது படிப்பதை ஒரு நிமிடம் செல்பேசியில் பதிவுசெய்து வைத்திருந்து, ஆறு மாதம் கழித்து முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். அக்காவோடும் தம்பியோடும் ஒப்பிட்டே பழகிய அந்தப் பிள்ளை, முதன்முறையாகத் தன் பழைய குரலோடு தன்னை ஒப்பிட்டுக் கேட்கும்.