குழந்தையின் கண் நரம்பு வீக்கம்: சொட்டு மருந்துக்கு முன்னும் பின்னும்

மன்னார்குடிப் பக்கம் ஒரு குழந்தை காலையில் தலைவலி, வாந்தி என்று சொன்னால் முதலில் "பித்தம்" என்பார்கள். இஞ்சிச் சாறு, அப்புறம் கண்ணாடிக் கடை. நம்மிடம் வருவதற்குள் வாரங்கள் ஓடியிருக்கும். மூளை அழுத்தம் ஏறிக் கண் நரம்பு வீங்கியிருக்கிறதா என்று நான் பார்க்கும் வரிசையை, கண் சிகிச்சைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கேளுங்கள். விடியற்காலையில் தலைவலி அதிகமா? வாந்தி எடுத்ததும் குறைகிறதா? குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டுகிறதா? இதைக் குழந்தையிடமே கேட்க வேண்டும். "அடிபம்புல குனிஞ்சு தண்ணி குடிச்சுட்டு நிமிந்தா கரண்டு போன மாதிரி இருக்கும், உடனே வந்துடும்" என்றாள் ஒன்பது வயதுச் சிறுமி. அவள் அம்மாவுக்கே அது அன்றுதான் தெரிந்தது. நடை தள்ளாடுகிறதா, டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் அல்லது வைட்டமின் ஏ மாத்திரை சாப்பிடுகிறதா என்றும் கேளுங்கள். காதில் சீழ் வடிகிறதா என்பதை விட்டுவிடாதீர்கள். அந்தத் தொற்று பக்கத்திலுள்ள மூளைச் சிரைக்குப் பரவி, ரத்தம் உறைந்து மூளை அழுத்தம் ஏறலாம்.

அடுத்தது, கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விடுவதற்கு முன். ஒவ்வொரு கண்ணின் பார்வை, நிறம் அறியும் திறன், டார்ச்சுக்குக் கண்மணி சுருங்கும் விதம், கண் வெளிப்பக்கம் முழுதாகத் திரும்புகிறதா என எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மருந்து விட்டபின் கண்மணி எதையும் சொல்லாது. பார்வை 6/6 இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. மூளை அழுத்தத்தால் வரும் வீக்கத்தில் ஆரம்பத்தில் பார்வை நன்றாகவே இருக்கும். பார்வை சட்டென்று இறங்கி, நிறங்கள் வெளிறித் தெரிந்து, கண்ணை அசைத்தால் வலித்தால் நரம்பு அழற்சியை நினையுங்கள்.

ரத்த அழுத்தமும் பாருங்கள், குழந்தைக்குரிய பட்டையில். பெரியவர்கள் பட்டையைக் கட்டினால் அளவு குறைத்துக் காட்டும்.

சரி, இப்போது மருந்து விட்டு உள்ளே பாருங்கள். கண் நரம்பு விழித்திரையில் தெரியும் இடமான வட்டின் ஓரம் மங்கலாக இருப்பதெல்லாம் வீக்கம் ஆகாது. ரத்தக்குழாயைப் பின்தொடருங்கள். கலங்கிய வாய்க்கால் தண்ணீருக்குள் கொடி மறைவதுபோல் ஓரத்தில் அது மறைந்தால் உண்மையான வீக்கம். பக்கத்தில் ரத்தக் கசிவும் இருக்கலாம். வட்டு சிறிதாகி, நடுக்குழி இல்லாமல், குழாய்கள் விசித்திரமாகக் கிளைத்தும் கடைசிவரை தெளிவாகத் தெரிந்தால் போலி வீக்கமாக இருக்கலாம். அப்போது பி-ஸ்கேன், அதாவது கண்ணுக்கான அல்ட்ராசவுண்ட், எடுங்கள். ஒலிவலுவைக் குறைத்த பிறகும் வட்டில் வெள்ளைப் புள்ளி பளிச்சென்று நின்றால் அது ட்ரூசன் எனும் சுண்ணப் படிவு. சின்னக் குழந்தைகளிடம் அது இன்னும் சுண்ணமாகியிருக்காது. அதனால் சந்தேகம் இருந்தால் படம் எடுத்துவைத்து, சில வாரத்தில் மறுபடி ஒப்பிடுங்கள். சிரை தானாகத் துடிப்பது நல்ல அறிகுறி. துடிக்காவிட்டால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கைக்குழந்தைக்கு உச்சிக்குழியையும் தொட்டுப் பாருங்கள். மண்டையோடு விரிந்துகொடுப்பதால் அழுத்தம் இருந்தும் வட்டு வீங்காமல் இருக்கலாம்.

இரண்டு கண்ணிலும் உண்மையான வீக்கம் என்றால் அன்றே தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ அனுப்ப வேண்டும். முதலில் சிரைகளையும் காட்டும் எம்ஆர்ஐ, அதன்பிறகே முதுகுத் தண்டுநீர் எடுத்து அழுத்தம் அளப்பது. உள்ளே கட்டி இருந்தால் வரிசை மாறுவது உயிருக்கே ஆபத்து. "நடவு முடிச்சுட்டுப் போறோமே" என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து காரணத்தைப் பொறுமையாகச் சொல்லுங்கள். காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள். கடிதத்தில் சொட்டு மருந்தின் பெயரையும் விட்ட நேரத்தையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் விரிந்த கண்மணியைப் பார்த்து அங்குள்ள மருத்துவர் மூளை அழுத்தம் முற்றிவிட்டதாக நினைக்கக்கூடும்.