கொள்ளைநோயில் மாண்டோரின் உணவையும் பிறப்பிடத்தையும் எலும்பிலிருந்து அறியும் முறை

1348-க்கும் 1350-க்கும் இடையில் லண்டனைச் சூறையாடிய கொள்ளைநோயில் இறந்தவர்களுக்கென்றே கிழக்கு ஸ்மித்ஃபீல்டில் திறக்கப்பட்ட இடுகாடு, 1986 முதல் 1988 வரை அகழப்பட்டது. அடக்கம் செய்யப்பட்ட காலம் இவ்வளவு துல்லியமாகத் தெரியும் இடுகாடுகள் அரிது என்பதால், இந்த ஆய்வைக் கற்க விரும்புவோர் அதையே முன்மாதிரியாகக் கொள்ளலாம்.

சில நாட்களிலேயே உயிரைப் பறிக்கும் இந்நோய் எலும்பில் தடயம் விடுவதில்லை. ஆகவே நோயை உறுதிசெய்யப் பல்லின் கூழறையில் தங்கிய டி.என்.ஏ.வைத் தேட வேண்டும். கொள்ளைநோயை உண்டாக்கும் யெர்சினியா பெஸ்டிஸ் என்னும் கிருமியின் பழைய மரபணுத்தொகுதி 2011-இல் இந்த இடுகாட்டுப் பற்களிலிருந்தே மீட்கப்பட்டது. நோய் விரைந்து கொன்றதில் ஆய்வாளருக்கு ஒரு வசதியும் உண்டு: நாட்பட்ட நோயில் உடல் உருகும்போது, உணவைக் காட்டும் நைட்ரஜன் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் நிறை வேறுபட்ட அணுக்கள்) அளவு திரிவதைப் போன்ற குழப்பம் இங்கே குறைவு.

எலும்புகளை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் அனுமதியைப் பெற்று, அளவு எடுத்து, படம்பிடித்த பிறகே மாதிரியை வெட்ட வேண்டும். அரைத்த பல் திரும்ப வராது. உணவை அறிய விலா எலும்பில் சிறு துண்டு போதும். அதை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குளிர்ந்த நிலையில் வைத்துக் கனிமத்தைக் கரைத்து, எஞ்சும் கொலாஜன் என்னும் புரதத்தை மிதமான சூட்டில் கூழாக்கி, வடிகட்டி, உறைய வைத்து உலர்த்தி, நிறைமாலைமானியில் (அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து அளக்கும் கருவி) கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளை அளக்க வேண்டும். கார்பனுக்கும் நைட்ரஜனுக்குமான அணு விகிதம் 2.9 முதல் 3.6-க்குள் இல்லையென்றால் கொலாஜன் கெட்டுவிட்டதெனக் கொண்டு அம்மாதிரியைத் தயங்காமல் ஒதுக்கிவிட வேண்டும். உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறினால் நைட்ரஜன் மதிப்பு (கனமான ஐசோடோப்பின் பங்கைக் காட்டுவது) ஆயிரத்துக்கு 3 முதல் 5 வரை உயரும். கடல்மீன் மிகுதியாக உண்டவரிடம் கார்பன் மதிப்பும் சேர்ந்து உயரும். ஆனால் எருவிட்ட வயலின் தானியமும் ஆற்றுமீனும் நைட்ரஜனை உயர்த்துமாதலால், அதே ஊரின், அதே காலத்தின் ஆடு, மாடு, மீன் எலும்புகளை அளக்காமல் "இவர் இறைச்சி உண்ட செல்வர்" என்று எழுதுவது வெறும் ஊகமே.

எலும்பு வாழ்நாள் முழுதும் புதுப்பிக்கப்படும். பல்லின் தந்தினி (சிப்பிக்கு உள்ளே உள்ள எலும்பு போன்ற பகுதி) அப்படியன்று. முதல் கடைவாய்ப்பல்லின் தந்தினியை உச்சியிலிருந்து வேர்நுனி வரை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கீற்றுகளாக அறுத்தால், பிறப்பு முதல் ஏறக்குறைய ஒன்பது வயது வரையான உணவு வரிசையாகக் கிடைக்கும். 1348-இல் நாற்பது வயதில் இறந்தவரின் கீற்றுகளில், 1315 முதல் 1317 வரை இங்கிலாந்தை வாட்டிய பெரும்பஞ்சத்தின் சாயலைத் தேடலாம். இந்த ஆய்வு முழுவதிலும் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது இந்தப் பகுதிதான்.

பிறப்பிடத்துக்கு, சிறுவயதில் உருவாகிப் பின் மாறாத பற்சிப்பியே (பல்லின் கடினமான வெளிப்பூச்சு) ஏற்றது. பாறையிலிருந்து மண், உணவு வழியே உடலில் சேரும் ஸ்ட்ரான்சியம் என்னும் தனிமம் வளர்ந்த நிலத்தைக் காட்டும்; ஆனால் புதைந்த எலும்பு இடுகாட்டு மண்ணின் ஸ்ட்ரான்சியத்தையும் உறிஞ்சிவிடும். முதல் கடைவாய்ப்பல்லில் தாய்ப்பாலின் தாக்கம் இருக்குமென்பதால், ஆக்சிஜன் ஐசோடோப்பை அளக்க இரண்டாம் கடைவாய்ப்பல்லைத் தேர்வது நல்லது. மேற்பரப்பைத் துரப்பணத்தால் சுரண்டி நீக்கி, உள்ளிருக்கும் பற்சிப்பியில் ஸ்ட்ரான்சியம் 87-க்கும் 86-க்குமான விகிதத்தை அளக்க வேண்டும். தென்கிழக்கு இங்கிலாந்தின் சுண்ணப் பாறை நிலத்தில் இது பெரும்பாலும் 0.708-ஐ ஒட்டியிருக்கும்; ஸ்காட்லாந்தின் தொன்மையான கிரானைட் நிலங்களில் 0.711-ஐத் தாண்டலாம். ஆக்சிஜன் குடிநீரைக் காட்டும். எனினும் காய்ச்சிய பீரும் கஞ்சியும் அதன் மதிப்பை உயர்த்தும். சுண்ண நிலம் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து வட பிரான்சிலும் தொடர்வதால், லண்டனோடு பொருந்தும் மதிப்பு அவரை லண்டன்காரர் ஆக்கிவிடாது. பொருந்தாத மதிப்பைக் கொண்டு மட்டுமே, அவர் சிறுவயதில் வேறிடத்தில் வளர்ந்தவர் என்று அறிக்கையில் உறுதியாக எழுதலாம்.