தூணோரம் ஒரு கல்: பிள்ளைகளுக்கு மர்மக் கதையின் தொடக்கத்தைச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

மர்மக் கதை எழுதச் சொன்னால் பிள்ளைகள் அமாவாசை ராத்திரியில்தான் ஆரம்பிப்பார்கள். நாய் ஊளையிடும், கதவு கிரீச்சிடும். காரைக்குடியில் லீவு நாட்களில் தெருப் பிள்ளைகளை வீட்டு முகப்பில் உட்காரவைத்துக் கதை படிப்பது என் வழக்கம். ஆறு பேரில் ஐந்து பேர் இப்படித்தான் எழுதினார்கள். ஆறாவது பிள்ளை நேரே கொலையில் இறங்கிவிட்டாள்! அதற்கப்புறம் நான் பிடித்துக்கொண்ட முறை இது. எட்டு வயதுக்கு மேல் சரிப்படும்.

முதலில் வழக்கத்தைக் கேளுங்கள்

கதைப் பக்கமே போகாமல், “உங்கள் வீட்டில் எது மாறாமல் இருக்கும்?” என்று கேளுங்கள். “ஐயா நாலரைக்கு வெத்தலைப் பெட்டியைத் திறப்பாங்க.” “இரண்டாம் கட்டுக் கதவு எப்பவும் பூட்டியே இருக்கும்.” எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். பூட்டியே கிடக்கும் கதவு என்று தெரிந்தால்தானே, அது திறந்திருக்கும்போது வயிற்றில் புளியைக் கரைக்கும்?

அப்புறம் நாலு வரி வாசித்து நிறுத்துங்கள்

நான் வாசித்தது இது (பட்டாலை என்பது எங்கள் பக்கத்து வீடுகளின் கூடம்; ஆத்தங்குடிக் கல் என்பது ஆத்தங்குடி ஊரில் செய்யும் தரைக்கல்):

“பிள்ளையார் நோன்புக்காக வீட்டைத் திறந்தார்கள். ஒரு வருஷத் தூசி. வள்ளி பட்டாலையைக் கழுவிவிட்டாள். தண்ணீர் வடிந்ததும் ஆத்தங்குடிக் கல் எல்லாம் பளபளத்தது, தூணோரம் ஒன்றைத் தவிர.”

தாளை மடக்கிவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். இங்கே வழக்கம் எது? எது பிசகியிருக்கிறது? யார் கண்ணில் பட்டது?

“கல்லு அழுக்கா இருக்கு” என்றார்கள். ஒரு பையன் மட்டும் இல்லையென்று தலையாட்டினான். அவன் வீட்டார் ஆத்தங்குடியில் கல் போடுகிறவர்கள். “அழுக்கில்லை ஆச்சி, அது புதுக்கல்லு.” கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றுவதையும், மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவதையும், காயவைத்துத் தண்ணீரில் ஊறப்போடுவதையும் கையாலேயே செய்து காட்டினான். சூளையே கிடையாது. நடக்க நடக்கத்தான் மெருகேறும், புதுக்கல்லுக்கு அது வந்திருக்காது.

சரி, பூட்டிக்கிடந்த வீட்டுக்குள் கல்லை மாற்றியது யார்? முகப்பில் பேச்சு நின்றது. கதை தொடங்கும் இடம் அதுதான் என்று அப்போது சொல்லுங்கள், முன்னாலேயே சொல்லாதீர்கள். இன்னொன்றையும் காட்டுங்கள்: துப்பு நாலாவது வரியிலேயே எல்லார் கண்முன்னும் கிடந்தது. அதைத் துப்பு என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

இப்போது பேனாவைக் கொடுங்கள்

முதலில் எழுதிவைத்த பட்டியலிலிருந்து ஒன்றே ஒன்றை மாற்றச் சொல்லுங்கள். இரண்டை மாற்றினால் குழப்பம்தான் மிஞ்சும். கொலைக்காரி (அந்த ஆறாவது பிள்ளைதான்) இப்படி எழுதினாள்: “எங்கள் வீட்டு அண்டா எல்லாவற்றிலும் ஐயாவின் எழுத்து வெட்டியிருக்கும். ஒன்றில் மட்டும் வேறு எழுத்து.” பக்கத்தில் இருந்தவள் விடவில்லை: “சீர் சாமானா இருக்கும்டி.” இவள் கொஞ்சம் யோசித்து ஒரு வரி சேர்த்தாள்: “அது என்ன என்று கேட்டதும் அப்பத்தா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.” நாயும் அமாவாசையும் இனி எதற்கு?

கல்லுக்கு அடியில் என்ன இருந்தது என்று உங்களைத் துளைத்தெடுப்பார்கள். வாயைத் திறக்காதீர்கள். நான் ஒருமுறை “தங்கக்காசாக இருக்கலாம்” என்று சொல்லித் தொலைத்தேன். அடுத்த நாள் ஆறு நோட்டிலும் தங்கக்காசு.