கொங்சி (கூட்டுத் தொழில்) போடுவதற்கு முன்

போன மாதம் என் அக்கா மகன் பட்டர்வொர்த்தில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் என்னை உட்கார வைத்து, தே தாரே (இழுத்த தேநீர்) வாங்கிக் கொடுத்துவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வந்தான். "மாமா, நானும் கூட்டாளியும் சேர்ந்து மெஷின் ஷாப் போடப் போறோம். அவன் காசு, என் வேலை. ஆளுக்குப் பாதி."

"எங்கே எழுதி வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"நாங்க ஸ்கூல்ல இருந்து ஒண்ணா இருக்கோம் மாமா."

நம் ஊரில் கூட்டாளி என்றால் சிநேகிதன். பங்காளி என்றால் அப்பா வழிச் சொத்துக்கு வழக்குப் போடும் சித்தப்பா மகன். சேர்ந்து தொழில் செய்கிறவன் இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறான். எந்தப் பக்கம் சாய்வான் என்பது அவன் குணத்தை விட, முதல் நாள் என்ன எழுதி வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பினாங்கில் உள்ள பிறையில் முப்பது வருடமாக பாய்லர் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கிறேன். அதில் முதல் நான்கு வருடம் கூட்டுத் தொழில். அது எப்படி முடிந்தது என்று பிறகு சொல்கிறேன்.

நீராவி எனக்குச் சோறு போடுகிறது என்பதால், அந்தக் காலத்தில் அதை விற்றவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று தேடிப் படிப்பது என் பழக்கம். ஜேம்ஸ் வாட் கெட்டில் மூடியைப் பார்த்த கதையைப் பள்ளியில் எல்லாரும் படித்தோம். கடனில் மூழ்கிக் கிடந்த அந்த மனிதரை யார் எப்படித் தூக்கி விட்டார்கள் என்று யாரும் சொல்லித் தரவில்லை. பட்டறை போடுகிறவனுக்கு அதுதான் தேவையான பாடம். தம்பிக்கு, அதாவது என் அக்கா மகனுக்கு, சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில், கூட்டாளியின் மற்றத் தொழில்களைப் பற்றி விசாரியுங்கள். "உன்னிடம் எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்பது போதாது. "வேறு எங்கே, யாருக்கு, எவ்வளவு கொடுக்க வேண்டும்?" என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும்.

வாட்டின் முதல் பெரிய கூட்டாளி ஜான் ரோபக். ஸ்காட்லாந்தில் கேரன் இரும்பாலையைத் தொடங்கியவர்களில் ஒருவர், பெரிய தவுக்கே (முதலாளி). வாட்டுக்கு இருந்த ஏறக்குறைய 1000 பவுண்டு கடனை ஏற்றுக்கொண்டு, வாட்டின் நீராவி எஞ்சினுக்கு 1769-ல் பதிவான காப்புரிமையில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டார். பார்த்தால் நல்ல ஏற்பாடு. ஆனால் அவருடைய பணமெல்லாம் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் போய்க்கொண்டிருந்தது. சுரங்கத்தில் தண்ணீர் ஏறியது. அந்தத் தண்ணீரை இறைக்கத்தான் அவருக்கு வாட்டின் எஞ்சினே வேண்டியிருந்தது. எஞ்சினோ உருளை சரியாக அமையாமல் இழுத்துக்கொண்டே போனது. 1773-ல் ரோபக் திவால். அவரிடம் 1200 பவுண்டு வரவேண்டியிருந்த பர்மிங்காம் உற்பத்தியாளர் மேத்யூ போல்டன், அந்தக் கடனுக்கு ஈடாக அந்த மூன்றில் இரண்டு பங்கை வாங்கிக்கொண்டார். மற்றக் கடன்காரர்கள் அந்தப் பங்குக்கு ஒரு காசு மதிப்புக்கூடப் போடவில்லை.

இதற்கு நான்கு வருடம் முன்பே, மூன்று கவுண்டிகளுக்கு (மாவட்டங்களுக்கு) மட்டும் எஞ்சின் செய்து விற்கும் உரிமையைத் தருகிறேன் என்று ரோபக் போல்டனிடம் கேட்டிருந்தார். மூன்று கவுண்டிக்குச் செய்வது எனக்குக் கட்டுப்படியாகாது, உலகம் முழுமைக்கும் என்றால் செய்கிறேன் என்று போல்டன் மறுத்துவிட்டார். காத்திருக்கத் தெரிந்த ஆள்.

அதற்காகப் போல்டனைக் குறையே இல்லாதவர் என்று நினைக்க வேண்டாம். அவருக்கும் ஃபோதர்கில் என்ற இன்னொரு கூட்டாளியோடு பொத்தான், வெள்ளிச் சாமான் தொழில் இருந்தது, அதில் நஷ்டம். எஞ்சினிலிருந்து வரப்போகும் வருமானத்தையே ஈடாகக் காட்டிக் கடன் வாங்கினார். வாட் தூக்கம் இல்லாமல் தவித்தார். ஆக, வேறு கடன் இல்லாத கூட்டாளி கிடைக்கமாட்டான். இருப்பதைத் தெரிந்துகொண்டு கைகொடுங்கள், அவ்வளவுதான்.

அடுத்தது, யார் எதைக் கொண்டு வருகிறார் என்பது. "அவன் காசு, என் வேலை, ஆளுக்குப் பாதி" என்பதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. காசு ஒரு நாளில் வந்து முடிந்துவிடும். வேலை தினமும் வரும். முதல் வருடம் லாபம் இல்லாதபோது வேலை செய்கிறவன் எதைச் சாப்பிடுவான்?

1775-ல் வாட் போல்டனுக்கு எழுதிய நிபந்தனைகளை நான் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். உரிமையில் மூன்றில் இரண்டு பங்கு போல்டனுக்கு. காப்புரிமையை நீட்டித்த நாடாளுமன்றச் சட்டத்துக்கான செலவும் இனிமேல் செய்யும் சோதனைச் செலவும் போல்டனுடையது. அதற்கு வட்டி கிடையாது, அதுதான் அவர் தன் பங்குக்குக் கொடுக்கும் விலை. தொழில் நடத்தப் போடும் முதலுக்கு மட்டும் வட்டி உண்டு. வரைபடம், அளவெடுப்பு, மேற்பார்வை எல்லாம் வாட். அதற்கு வருடச் சம்பளம். வருடம் ஒரு முறை கணக்கு முடிக்க வேண்டும். இவ்வளவுதான், அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். ஆனால் மூழ்கும் பணம், வட்டி வாங்கும் பணம், உழைப்புக்குச் சம்பளம், அதற்குப் பிறகு லாபம் என்று நான்கும் தனித்தனியாக நிற்கின்றன.

நீங்கள் இப்படி எழுதாவிட்டால் நம் மலேசியாவின் 1961-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம் உங்களுக்காக எழுதிவிடும். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் முதலும் லாபமும் சரிபாதி, நஷ்டமும் சரிபாதி. உழைக்கிற கூட்டாளிக்குச் சம்பளம் கிடையாது. வெளிக் கடனுக்கு இருவரும் முழுப் பொறுப்பு, வீடு வாசல் உட்பட.

என் கதை இதுதான். நான் ஏலத்தில் எடுத்த பழைய தைவான் லேத்தை (கடைசல் மெஷினை) பட்டறைக்குக் கொண்டு வந்தேன். கூட்டாளி ரொக்கம் போட்டான். லேத் யாருடையது என்று இருவருக்குமே தெரியும், அதனால் எழுதவில்லை. நான்கு வருடம் கழித்துப் பிரியும்போது அவனுக்குத் தெரிந்தது வேறு, எனக்குத் தெரிந்தது வேறு. "நாலு வருஷமா பட்டறைக் காசுலதானே அதுக்கு பேரிங், மோட்டார் எல்லாம் மாத்தினோம்" என்றான். அதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் லேத்தை விற்றுப் பாதி பாதி எடுத்துக்கொண்டோம். அதன் பிறகு இரண்டு வருடம் நான் ஷாஃப்ட் கடையக் கூட வெளிக்கடைக்குத்தான் ஓடினேன். ஆகவே பொருள்களுக்குப் பட்டியல் போடுங்கள். எது பட்டறைக்குச் சொந்தம், எது இரவல், பழுதுபார்த்தால் யார் செலவு என்று எழுதுங்கள். ஸ்பேனர் செட் வரைக்கும்.

பேரம் பேசுவது யார் என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். தகராறான ஒரு கணக்கைத் தீர்ப்பதை விட, குண்டு போட்ட பீரங்கி முன்னால் நிற்பேன் என்று வாட் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவரை வாடிக்கையாளரிடம் அனுப்பக்கூடாது. தம்பியும் அதே ரகம். கொட்டேஷனில் நூறு வெள்ளி (ரிங்கிட்) குறைக்கச் சொன்னால் இருநூறு குறைப்பான். அவன் கூட்டாளி பேசட்டும்.

இப்போது கூலி வாங்குவது எப்படி என்ற விஷயம். போல்டனும் வாட்டும் ஆரம்பத்தில் எஞ்சினை முழுதாகச் செய்து விற்கவில்லை. வரைபடம், வால்வு போன்ற நுட்பமான பாகங்கள், எஞ்சினை நிறுவிக் கொடுக்க ஓர் ஆள். மற்றதை வாங்குபவரே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். கூலியாகக் கேட்டது, பழைய நியூகோமன் எஞ்சினோடு ஒப்பிட்டால் மிச்சமாகும் நிலக்கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. கார்ன்வாலில் நிலக்கரி கிடையாது, வேல்ஸிலிருந்து கப்பலில் வரவேண்டும். அதனால் செப்புச் சுரங்கக்காரர்கள் ஓடி வந்து வாங்கினார்கள்.

சிக்கல் எங்கே என்றால், மிச்சத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. எஞ்சின் எத்தனை தடவை அடித்தது என்று எண்ண ஒரு கருவி செய்து, பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். அப்படியும் சண்டை ஓயவில்லை. ஆங்கிள்சி தீவில் மலிவான செம்பு கிளம்பி விலை விழுந்ததும், சுரங்கக்காரர்களுக்கு அந்த மூன்றில் ஒரு பங்கு கழுத்தை இறுக்கும் கயிறாகத் தெரிந்தது. பல இடங்களில் வருடக் கட்டணமாக மாற்ற வேண்டியதாயிற்று. பிறகு சிலர் கட்டுவதையே நிறுத்தினார்கள்; வழக்கு 1799 வரை இழுத்தது.

இதைப் படிப்பதற்கு முன்பே நான் இதே பள்ளத்தில் விழுந்திருக்கிறேன். கூலிம் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலை. பாய்லரில் எரிப்பது பழத்தின் நாரும் கொட்டையின் ஓடும்தான். ஓடு மிஞ்சினால் வெளியே நல்ல விலைக்குப் போகும். ஒழுகும் ஸ்டீம் ட்ராப்புகளை (நீராவியை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் வால்வுகளை) மாற்றி, குழாய்களுக்கு உறை போட்டுத் தருகிறேன், கூடுதலாக விற்கும் ஓட்டில் மூன்றில் ஒரு பங்கு இரண்டு வருடத்துக்குக் கொடுங்கள் என்று பெரிய புத்திசாலி மாதிரிப் பேசினேன். நான்கு மாதம் காசு வந்தது. ஐந்தாம் மாதம், "பழம் குறைவு அண்ணே." எடைச் சீட்டு அவர்கள் ஆபீசில். பழம் நிஜமாகவே குறைந்ததா, இல்லையா? இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஏமாற்றினார்கள் என்று சொல்லவும் என் கையில் சீட்டு இல்லை.

சக்கரம் சுற்றும் எஞ்சின்களுக்கு வந்தபோது வாட் இதைத் தீர்த்தார். ஆலைக்காரன் அதுவரை குதிரை கட்டி ஓட்டியவன். அவனுக்குக் குதிரைக் கணக்கு புரியும். ஆக ஒரு குதிரைக்கு இவ்வளவு வேலை, நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு என்று வரையறுத்து, ஒரு குதிரைத் திறனுக்கு வருடம் 5 பவுண்டு, லண்டனில் 6 பவுண்டு என்று கட்டணம் போட்டார்கள். மோட்டார் மேல் இன்று நாம் படிக்கும் ஹெச்பி, பில் போடுவதற்காக நிலைபெற்ற அளவு! உங்கள் இன்வாய்சும் அப்படி இருக்கட்டும். வாடிக்கையாளர் தன் கண்ணாலேயே எண்ணிப் பார்க்கிற பொருளுக்குக் காசு கேளுங்கள்: டியூப் எண்ணிக்கை, வெல்டிங் நீளம், ஆள் மணி. வேலை தொடங்குமுன் பாதி டெபாசிட்.

சப்ளையர் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. வாட்டின் எஞ்சின் ஓடியதற்குப் பாதிக் காரணம் ஜான் வில்கின்சன் கடைந்து கொடுத்த உருளைகள். ஐம்பது அங்குல விட்டத்தில் பழைய ஷில்லிங் நாணயத்தின் கனம்கூடப் பிசகவில்லை என்று போல்டன் மெச்சினார். லேத்தில் நின்றவனுக்குத்தான் அந்தப் பேச்சின் அருமை தெரியும். இருபது வருடம் கழித்து, வில்கின்சன் தன் தம்பியோடு சண்டை போட்டபோதுதான் வெளியே வந்தது: அவர் இவர்களுக்குத் தெரியாமல், உரிமைத் தொகை கட்டாமல் எஞ்சின் செய்து விற்றிருக்கிறார். போல்டனும் வாட்டும் 1796-ல் சொந்தமாக சோஹோ வார்ப்பாலை திறந்தார்கள். முக்கியமான பாகத்தை ஒரே ஆளிடம் வாங்காதீர்கள். முழு வரைபடத்தையும் அவரிடம் கொடுக்காதீர்கள்.

மூன்றாவதாக ஒருவன் வருவான். நன்றாக வேலை செய்யும் பையன், உங்கள் இருவரையும் விடக் கைத்திறன் உள்ளவன். வில்லியம் மர்டாக் 1777-ல், வார்ப்பாலை வருவதற்கு முன்பே, போல்டனின் சோஹோ ஆலையில் சேர்ந்தார், கார்ன்வால் எஞ்சின்களைக் கட்டிக் காத்தார், 1784 வாக்கில் ஒரு சிறு நீராவி வண்டியும் செய்து ஓட்டிக் காட்டினார். அதற்குக் காப்புரிமை வாங்க லண்டன் கிளம்பியவரைப் போல்டன் வழியிலேயே பார்த்துப் பேசித் திருப்பி அனுப்பினார். மர்டாக் கடைசிவரை அங்கேயே இருந்தார் என்பது அவருடைய பெருந்தன்மை. பிறையில் அப்படிப்பட்டவன் அடுத்த கடை லோட்டில் சொந்தமாக ஷட்டர் திறந்துவிடுவான். எந்த வருடம், எத்தனை சதவீதம் என்று இப்போதே ஒப்பந்தத்தில் இடம் விடுங்கள்.

முடிவுத் தேதி. போல்டன் - வாட் கூட்டு 25 வருடம் என்று பேசியது. காப்புரிமை முடிந்த 1800-ல் அதுவும் முடிந்தது, மகன்கள் தொடர்ந்தார்கள். மகன்களைச் சில வருடம் முன்பே பங்கில் சேர்த்துப் பழக்கியிருந்தார்கள். எதிர்ப்பக்கம் ரிச்சர்ட் டிரெவிதிக்கைப் பாருங்கள். உயரழுத்த நீராவியில் அவர் வாட்டையே தாண்டியவர். 1802-ல் உறவினர் ஆண்ட்ரூ விவியனோடு காப்புரிமை, பிறகு அவர் விலகல், பிறகு வேறொருவர், 1811-ல் திவால், 1833-ல் டார்ட்ஃபர்டில் கையில் காசில்லாமல் மரணம். ஒவ்வொரு கூட்டும் எப்போது முடியும் என்று தெரியாமலே முடிந்தது.

நம் சட்டப்படி, வேறு மாதிரி எழுதாவிட்டால் ஒரு கூட்டாளி இறந்தாலோ திவாலானாலோ கூட்டு அன்றோடு கலைந்துவிடும். அதனால் எத்தனை வருடம், யாராவது விலகினால் எத்தனை மாத நோட்டீஸ், பங்கை யார் மதிப்பிடுவது, மனைவி பிள்ளைகளுக்கு எவ்வளவு நாளில் கொடுப்பது, பட்டறைப் பெயரும் போன் நம்பரும் யாருக்கு என்று எழுதுங்கள். போன் நம்பரை மறக்காதீர்கள். என் பழைய வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் இன்னும் அந்த நம்பரைத்தான் அழைக்கிறார்கள்.

எழுதியதை லாயரிடம் காட்டி, முத்திரைத் தீர்வை கட்டி, ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்மில் (தொழில் பதிவு செய்யும் அரசு ஆணையத்தில்) பதிய வேண்டும். அந்தப் பதிவு வேறு, ஒப்பந்தம் வேறு. பதிவுச் சான்றிதழில் லேத் யாருடையது என்று போட்டிருக்காது.

போன ஞாயிறு தம்பியும் அவன் கூட்டாளியும் பட்டறைக்கு வந்தார்கள். கையால் எழுதிய மூன்று பக்கம். சம்பளம், வட்டி, பொருள் பட்டியல், நோட்டீஸ் எல்லாம் இருந்தது. பட்டியலில் கம்ப்ரஸருக்கு எதிரே மட்டும் காலி.

"அது இன்னும் பேசி முடியல மாமா."

விசிறியைப் போட்டுவிட்டு, இரண்டு நாற்காலியை இழுத்துக் கொடுத்தேன்.